பல் செட் வேலையில் பி.ஜி. மாணவர் எதுவரை தன் கையால் செய்ய வேண்டும்?

5 மே 2024, ஞாயிறு. வாசகர் கேள்வி

நான் பிராஸ்தோடான்டிக்ஸ் (செயற்கைப் பல் துறை) முதலாண்டு எம்.டி.எஸ். மாணவி. ராயபுரத்திலிருந்து கல்லூரிக்குப் போய்வருகிறேன். காலை 9 முதல் மாலை 4 வரை நோயாளிகளைப் பார்க்கிறேன். அதற்குப் பிறகு இரவு 9 வரை லேபில் பிளாஸ்டர் கலக்குகிறேன், மெழுகில் பல் அடுக்குகிறேன், செட்டை வார்க்கும் பெட்டியான ஃபிளாஸ்க்கை இறுக்குகிறேன். இந்த வேலைக்கென்றே இரண்டாண்டு படித்த மெக்கானிக்குகள் துறையிலேயே இருக்கிறார்கள். வெளியே எல்லாரும் ஸ்கேனர், மில்லிங் (இயந்திரத்தில் கடைவது) என்று போய்விட்டார்கள். நான் மெழுகு செதுக்கிக் கற்பதால் யாருக்கு என்ன பயன்? எவ்வளவு செய்தால் போதும் என்று ஓர் எண்ணைச் சொல்லுங்கள்.

5 மே, இரவு 10.40

எண்ணை உங்கள் துறைத் தலைவர் சொல்வார், லாக் புக்கிலும் இருக்கும். நான் அதற்குள் போகவில்லை. எல்லாவற்றையும் உங்கள் கையால் செய்யுங்கள் என்பதுதான் என் பதில். காரணத்தை மட்டும் எழுதுகிறேன்.

பழைய வண்ணாரப்பேட்டையில் கிளினிக் திறந்த முதல் ஆண்டில், ஒரு கடைவாய்ப் பல்லுக்கு கேப் போட அளவெடுத்து லேபுக்கு அனுப்பினேன். வந்த கேப் உட்காரவில்லை. திருப்பி அனுப்பினேன், மறுபடியும் உட்காரவில்லை. மூன்றாம் முறை தொலைபேசியில் மெக்கானிக்கிடம் நான் பேசிய விதத்தை இங்கே எழுத முடியாது. அவர் பதில் பேசாமல் கொருக்குப்பேட்டையிலிருந்து சைக்கிளில் வந்து, ஒரு மிக்சர் டப்பாவைத் திறந்து, என் கேஸின் டையை, அதாவது அராவிய பல்லின் கல் மாதிரியை, எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் வைத்தார். கையில் ஒரு லென்ஸையும் ஒரு சிவப்பு பென்சிலையும் கொடுத்தார். "டாக்டர், பல்லை எதுவரைக்கும் அராவினீங்கன்னு நீங்களே கோடு போட்டுக் குடுங்க. அந்தக் கோடு வரைக்கும் நான் கட்டித் தரேன்" என்றார்.

என்னால் கோடு போட முடியவில்லை. பின்பக்கத்து விளிம்பு அந்த அச்சில் பதியவே இல்லை. ஈறு மேலே ஏறிக் கிடந்த இடத்தில் அளவெடுக்கும் பொருள் இழுபட்டு வழுவழுவென்று வளைந்திருந்தது. மூன்று முறையும் அந்த மனிதர் இல்லாத விளிம்பை ஊகித்துக் கட்டியிருக்கிறார். எச்சிலும் நாக்கும் கன்னமும் மங்கிய விளக்கும் வாய்க்குள் மறைத்ததைக் கல்லாகிவிட்ட அச்சு மறைக்கவில்லை. எம்.டி.எஸ். படித்த மூன்றாண்டும் என் டைகளை நானே வெட்டி, நானே விளிம்பு தேடிக் கோடிட்டிருந்தால் அந்த சைக்கிள் பயணம் தேவைப்பட்டிருக்காது. நான் படித்தபோது அந்த வேலையை ஒரு ஜூனியரிடம் தள்ளிவிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

6 மே

விதி என்ன சொல்கிறது என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். படிப்பு மூன்றாண்டு. தொடக்க ஆறு மாதங்கள் நோயாளியைத் தொடுவதற்கு முந்தைய பயிற்சிக்கானவை. அந்தக் காலத்தில்தான் பயிற்சிக்கான பொம்மைத் தாடையான டைப்போடான்ட்டின் பல்லில் அராவிப் பழகுவதும், மெழுகில் பல் செதுக்குவதும், தாடையைப் போல் அசையும் கருவியான ஆர்ட்டிகுலேட்டரில் பல் அடுக்குவதும் முடிய வேண்டும். 2017 விதிமுறைகளின்படி அடிப்படை அறிவியல் தாளை முதலாண்டு முடிவில் எழுத வேண்டும். மற்ற தாள்களும் செய்முறையும் மூன்றாண்டு முடிவில் வரும். ஆய்வேட்டை அந்தத் தேர்வுக்கு ஆறு மாதம் முன்பே கொடுத்தாக வேண்டும். செய்முறைத் தேர்வில் நீங்கள் சிகிச்சை முடித்த நோயாளிகளையே கூட்டிக்கொண்டு வந்து காட்ட வேண்டும். ஆகவே உங்கள் பல் செட் அந்த நோயாளியின் வாயில் இருக்கிறதா, பீரோவில் இருக்கிறதா என்பதைத் தேர்வாளர் முதல் பார்வையிலேயே கண்டுகொள்வார்.

மெக்கானிக் என்பவர் துறையில் எடுபிடி அல்லர். 1948-ஆம் ஆண்டுப் பல் மருத்துவர் சட்டமே பல் மருத்துவர், பல் சுத்தம் செய்யும் ஹைஜினிஸ்ட், மெக்கானிக் என்று மூன்று வகையாரைப் பதிவு செய்யச் சொன்னது. இரண்டாண்டு படித்தவர் என்று நீங்கள் எழுதிய தொனி எனக்கு உறுத்தியதால் இதைச் சொல்கிறேன். நான் தொலைபேசியில் பேசிய தொனியைவிட அது எவ்வளவோ மேல் என்பதும் உண்மைதான்.

இன்னொன்றையும் சேர்க்கிறேன். அமெரிக்காவில் இதே படிப்புக்குக் குறைந்தது 33 மாதம் என்று வைத்திருக்கிறார்கள், அதாவது ஏறக்குறைய நம் அளவுதான். அங்கே லேப் வேலையையும் நோயாளிக்குச் செய்யும் சேவையாகவே கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். நம் துறைகள் பலவற்றில் நாலு மணிக்கு நோயாளிகள் போன பிறகு மிஞ்சுவதுதான் லேப் நேரம். உங்கள் கேள்வியில் எனக்கு நியாயமாகப் படும் பகுதி இந்த நேரக் கணக்குதான். லேபை அட்டவணைக்குள் கொண்டுவராமல் இரவு ஒன்பது வரை உட்கார வைத்துவிட்டு, பிள்ளைகளுக்கு லேபில் ஆர்வமில்லை என்று குறை சொல்வது எனக்கு ஒப்பவில்லை.

8 மே, இரவு

அந்த இரவு ஒன்பதைப் பற்றி எனக்கே ஒரு கதை இருக்கிறது.

இரண்டாம் ஆண்டில் ஒருநாள், மறுநாள் காலை கொடுக்க வேண்டிய முழு செட் ஒன்றை எட்டு மணிக்கு மேல்தான் பேக் செய்து, அதாவது செட்டுக்கான பிளாஸ்டிக்கான அக்ரிலிக்கை ஃபிளாஸ்க்கில் அடைத்து முடித்தேன். எனக்குத் திருவொற்றியூருக்குக் கடைசி மின்சார ரயிலைப் பிடிக்க வேண்டும். அக்ரிலிக்கை 74 டிகிரி வெந்நீரில் எட்டு மணி நேரம் வைத்து நிதானமாகப் பதப்படுத்த வேண்டும், மற்ற எல்லாமே குறுக்குவழி என்றுதான் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். நான் ஃபிளாஸ்க்கைத் தண்ணீரில் போட்டு அடுப்பை முழுதாகத் திறந்துவிட்டேன். முக்கால் மணி நேரம் கொதிக்க வைத்து எடுத்துக் குழாய்த் தண்ணீரில் குளிர வைத்தேன். ரயிலையும் பிடித்துவிட்டேன்.

காலையில் ஃபிளாஸ்க்கைப் பிரித்தால் ஓரமெல்லாம் கண்ணாடிபோல் வழவழப்பாக இருக்கிறது. கீழ்த் தாடை செட்டில் நாக்குப் பக்கம் தடிமனான இடங்களில் மட்டும் உள்ளே குமிழி குமிழியாக ஆப்பத்தின் நடுப்பகுதிபோல் வெந்திருந்தது. அக்ரிலிக்கின் பொடியான பாலிமரும் திரவமான மோனமரும் சேரும்போது அந்த வினையே வெப்பத்தை வெளிவிடும். மெல்லிய இடத்தில் அந்த வெப்பம் சுற்றியுள்ள ஸ்டோனுக்குள் (கடினமான பிளாஸ்டர்) போய்விடும். தடித்த இடத்தில் போக வழியில்லாமல் உள்ளேயே ஏறி, மோனமரின் கொதிநிலையான 100.8 டிகிரியைத் தாண்டும், இன்னும் சேராத மோனமர் ஆவியாகிக் குமிழியாக நிற்கும். இதைப் புத்தகத்தில் மூன்று முறை படித்து, ஒரு முறை தேர்விலும் எழுதியிருந்தேன். ரயில் அவசரத்தில் அடுப்பைத் திறந்த அந்தக் கை அதைப் படித்திருக்கவில்லை.

நோயாளி ஒரு ஓய்வுபெற்ற அச்சுக்கூடத் தொழிலாளி, மிண்ட் பக்கத்திலிருந்து நடந்தே வருபவர். இன்னும் ஒரு வாரம் பல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று அவரிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. "பரவாயில்லப்பா, ஏழு மாசமா கஞ்சிதான், இன்னும் ஒரு வாரம்" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலாம்போல் இருந்தது.

9 மே

திருத்தம். 74 டிகிரியில் எட்டு மணி நேரம் தவிர மற்றதெல்லாம் குறுக்குவழி என்று நேற்று எழுதியதை ஒரு மெக்கானிக் நண்பர் சுட்டிக்காட்டியிருக்கிறார். அவர் சொல்வது சரி. 74 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்து, பிறகு 100 டிகிரிக்கு ஏற்றி ஒரு மணி நேரம் வைப்பதும் ஏற்கப்பட்ட முறைதான். வினையின் பெரும்பகுதி முடிந்த பிறகு கொதிக்க வைப்பதால் அங்கே ஆப்பம் சுடாது. என் குற்றம் முதல் இரண்டு மணி நேரத்தை விழுங்கியதுதான். ஃபிளாஸ்க்கைச் சூட்டோடு குழாய்த் தண்ணீரில் போட்டதும் தவறு என்கிறார். ஆம், அப்படித் திடீரென்று குளிர வைத்தால் செட் கோணிக்கொள்ளும். என்னுடையது குமிழியும் கோணலுமாகச் சேர்ந்தே வந்ததால் கோணலை யாரும் கவனிக்கவில்லை.

12 மே, ஞாயிறு

பல் அடுக்குவதை மட்டுமாவது மெக்கானிக்கிடம் கொடுத்துவிடக் கூடாதா, அதுதானே நேரத்தைத் தின்கிறது என்று கேள்வி கேட்டவரே மறுபடியும் எழுதியிருக்கிறார். அதற்கு ஒரு நோயாளியின் கதையைத்தான் பதிலாகத் தர முடியும். சற்று நீளும்.

காசிமேட்டில் விடிகாலையில் மீன் எடுத்து, தண்டையார்பேட்டைத் தெருக்களில் கூடையோடு கூவி விற்கும் அம்மா ஒருவர் என் மூன்றாம் ஆண்டு நோயாளி. மேல் செட் கச்சிதமாக நின்றது. மேல் தாடையில் செட் உட்காரும் பரப்பு சராசரியாக 23 சதுர சென்டிமீட்டர், கீழே அதில் ஏறக்குறைய பாதி, அதாவது 12 சதுர சென்டிமீட்டர்தான். அங்கே நாக்கு வேறு ஓயாமல் தள்ளும். ஆகவே கீழ் செட் கொஞ்சம் ஆடும் என்று முன்பே அவரிடம் சொல்லியிருந்தேன். நாற்காலியில் உட்கார்ந்து பேசும்போது அது ஆடவும் இல்லை. பேச்சைச் சோதிக்க எங்களுக்கு ஆங்கிலத்தில் அறுபத்தாறு என்று எண்ணச் சொல்லும் பழக்கம் உண்டு. நம் ஆட்களிடம் அது ஒத்துவராது என்பதால் நான் வியாசர்பாடி என்று சொல்லச் சொல்வேன். 'வி' சொல்லும்போது மேல் முன்பற்களின் நுனி கீழுதட்டை மெல்லத் தொட வேண்டும். 'ச' வரும்போது மேல், கீழ்ப் பற்கள் மிக நெருங்கி வந்து, இடித்துக்கொள்ளாமல் நிற்க வேண்டும். ஒரே ஊர்ப்பெயரில் இரண்டு சோதனையும் முடிந்துவிடும். காசிமேடு என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். அந்த அம்மா இரண்டையும் தெளிவாகச் சொன்னார்.

மூன்றாம் நாள் செட்டை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தார். "பேசுனா நிக்குது, கூவுனா எகிறுது" என்றார். எனக்கு அப்போது தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்றுதான். கன்னத்துப் பக்கப் பின் ஓரம் நீண்டிருந்தால் வாயை அகலத் திறக்கும்போது அங்குள்ள மெல்லும் தசை செட்டைத் தூக்கிவிடும். ஆகவே அந்த ஓரத்தை அராவினேன். எகிறியது. அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் அராவினேன். முன்பைவிட நன்றாக எகிறியது.

அதற்குப் பிறகுதான் முதல் அச்சில் ஊற்றி வைத்திருந்த பழைய காஸ்டை (தாடையின் கல் மாதிரி) எடுத்து, எலும்பு மேட்டின் உச்சியில் பென்சிலால் கோடிட்டு, செட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கீழ் முன்பற்கள் அந்தக் கோட்டைத் தாண்டி உதட்டுப் பக்கமாகத் துருத்திக்கொண்டிருந்தன. அடுக்கியவன் நான்தான். அந்த அம்மாவுக்கு மேல் தாடையைவிடக் கீழ்த் தாடை பின்னால் இருக்கிறது. மேலும் கீழும் புகைப்படத்தில் வருவதுபோல் ஒட்டி நிற்கட்டும் என்று ஆசைப்பட்டு, நடுவில் இருக்க வேண்டிய இடைவெளியை நான் தின்றுவிட்டேன். அவர் கூவும்போது கீழுதடு இறுகி அந்த முன்பற்களை உள்ளே தள்ளுகிறது, செட் பின்னாலிருந்து எகிறுகிறது. நான் இரண்டு வாரமாக அராவிய ஓரத்துக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை.

மறுபடியும் அடுக்கினேன், ஒரு மாலை முழுவதும் போனது. மேலுக்கும் கீழுக்கும் இடையே நல்ல இடைவெளி விட்டேன். பார்க்க அழகாக இல்லை. சோதித்துப் பார்க்கும் நாளில் அவரை நாற்காலியிலிருந்து எழுப்பி வராண்டாவில் நிறுத்திக் கூவச் சொன்னேன். அந்தத் தளத்தில் இருந்த எல்லாரும் எழுந்து வந்துவிட்டார்கள், பேராசிரியர் உட்பட. செட் அசையவில்லை. மெழுகு என்பதால் உருகும் முன் வாங்கி வைத்தேன்.

நான் அடுக்காமல் வேறொருவர் அடுக்கியிருந்தால் அந்த ஓரத்தை இன்னும் நான்கு வாரம் அராவியிருப்பேன். அதற்குப் பிறகு, சிலருக்குக் கீழ் செட் ஒத்துவராது என்று கேஸ் ஷீட்டில் எழுதி முடித்திருப்பேன்.

15 மே

முதல் நாள் எல்லாவற்றையும் உங்கள் கையால் செய்யுங்கள் என்று எழுதினேன். பத்து நாள் யோசித்ததில் அந்த எல்லாவற்றையும் குறைத்துக்கொள்கிறேன்.

உலோக வார்ப்பு விஷயத்தில் நான் பின்வாங்குகிறேன். கேஸ்ட் பார்ஷியலுக்கு, அதாவது சில பற்களுக்கு மட்டுமான உலோகச் சட்ட செட்டுக்கு, கோபால்ட்-குரோமியம் 1,400 டிகிரியை ஒட்டிய சூட்டில் உருக வேண்டும். வார்த்த பிறகு அச்சுப் பொருளை உடைத்து, மணல் வீசித் துடைத்து, அராவ வேண்டும். அந்தத் தூசியில் சிலிக்கா இருக்கிறது. மலிவான நிக்கல்-குரோமியம் உலோகம் சிலவற்றில் பெரிலியம் இருக்கும். அதன் தூசி நுரையீரலுக்கு என்ன செய்யும் என்பது வேலை செய்பவர்கள் அனுபவித்து எழுதப்பட்ட வரலாறு. உறிஞ்சு குழாயும் சரியான முகமூடியும் இல்லாத அறையில், கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு நாங்கள் அராவினோம். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டும் திரிந்தேன். அந்த வசதி இல்லாத இடத்தில் மாணவர் அராவ வேண்டாம். அப்படியானால் மெக்கானிக் மட்டும் அராவலாமா என்று உடனே கேட்பீர்கள். கூடாது. அவருக்கு மூன்றாண்டில் முடிகிற வேலையும் இல்லை, முப்பது ஆண்டு அதே அறைதான்.

ஆனால் மெழுகு வடிவம் செய்து, உலோகம் உள்ளே போகும் குழாயைப் பொருத்தும் வரையாவது கற்றுக்கொள்ள வேண்டும். அதை எனக்குப் புரிய வைத்தவர் சவுகார்பேட்டையில் பட்டறை வைத்திருந்த ஒரு பொற்கொல்லர். அவர் என்னிடம் பல் கட்டிக்கொள்ள வந்தவர். மேசையில் இருந்த என் மெழுகு கிரவுனை (கேப்) எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, உலோகம் போகும் வழி இவ்வளவு ஒல்லியாக, அதுவும் மெல்லிய பக்கத்தில் இருந்தால் அந்த வழிதான் முதலில் உறையும், உள்ளே தடித்த இடம் பசியோடு நிற்கும், அங்கே ஓட்டை விழும் என்றார். தடித்த பக்கத்தில் பருமனான குழாய் வைக்க வேண்டும் என்பதற்குப் புத்தகம் தரும் காரணமும் இதுதான். பல் மருத்துவத்துக்கு மெழுகு கரைத்து வார்க்கும் முறையை அமெரிக்கரான டாகர்ட் 1907-இல் பரப்பினார் என்று நாம் படிக்கிறோம். நம் பக்கத்துச் சிலைகளும் நகைகளும் அதற்குப் பல நூற்றாண்டு முன்பிருந்தே அப்படித்தான் வார்க்கப்படுகின்றன. பசியோடு நிற்கும் என்ற சொல்லுக்குப் பிறகு எனக்கு அந்தப் பாடம் மறக்கவில்லை.

16 மே

அளவெடுக்கும் பொருளான ஆல்ஜினேட்டைக் கலந்து ட்ரேயில் நிரப்புவதற்குள் இறுகிவிடுகிறது, நான் மெதுவாகக் கலக்குகிறேனா என்று ஒருவர் கேட்கிறார். கையில் குறையில்லை, மொட்டைமாடித் தொட்டியைப் பாருங்கள். மே மாதம் மதியம் இரண்டு மணிக்குத் தண்டையார்பேட்டையில் குழாயைத் திறந்தால் வருவது தேநீர் போடும் தண்ணீர். தண்ணீர் சூடாக இருந்தால் ஆல்ஜினேட் விரைவாக இறுகும். காலையிலேயே ஒரு குடத்தில் பிடித்து நிழலில் வையுங்கள். எடுத்த அச்சைப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் ஊற்றிவிடுங்கள். காற்றில் வைத்தால் நீரை இழந்து சுருங்கும். சொட்டச் சொட்ட ஈரப் பஞ்சில் சுற்றினால் நீரைக் குடித்து உப்பும். ஸ்டோனை 100 கிராமுக்கு 30 மில்லி என்று அளந்து கலக்குங்கள். கண்ணளவில் ஊற்றுவது தோசை மாவுக்குச் சரி.

19 மே, ஞாயிறு

ஸ்கேனர் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, காலத்துக்கு ஒவ்வாத ஆள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். என் கிளினிக்கில் இரண்டாண்டாக ஸ்கேனர் இருக்கிறது, கடனும் இருக்கிறது.

அதிலிருந்து நான் கற்றதைச் சொல்கிறேன். அராவிய பல்லை ஸ்கேன் செய்து திரையில் உள்ளங்கை அளவுக்குப் பெரிதாக்கியபோது, இருபதாண்டாக ஆறு டிகிரி சரிவு வைக்கிறேன் என்று நம்பிக்கொண்டிருந்தவனுக்கு அது கூம்புபோல் தெரிந்தது. விளிம்பில் ஒரு பக்கம் மாடிப்படி இருந்தது. மெக்கானிக் சைக்கிளில் வந்து லென்ஸ் கொடுத்த வேலையை இப்போது திரை, நோயாளி எழுந்து போவதற்கு முன்பே செய்துவிடுகிறது. அங்கேயே திருத்திக்கொள்ளலாம். இந்த ஒரு விஷயத்தில் ஸ்கேனரைவிட நல்ல ஆசிரியரை நான் பார்த்ததில்லை. ஆகவே டை வெட்டிக் கற்பதற்கு மாற்றாக, தான் அராவிய பல்லைத் தானே ஸ்கேன் செய்து, தானே விளிம்புக் கோடிட்டு, தானே வடிவமைக்கும் மாணவரை நான் குறை சொல்ல மாட்டேன். தானே என்பதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். கோப்பை அனுப்பிவிட்டு, விளிம்பை லேபில் இருக்கும் யாரோ ஒருவர் குறிக்கட்டும் என்று விட்டால் நாம் மறுபடியும் மிக்சர் டப்பாவுக்கே திரும்புகிறோம்.

ஸ்கேனர் கண்ணுக்குத் தெரிவதைத்தான் பார்க்கும். ஈறுக்குள் மறைந்த விளிம்பை ஈறு விலக்கும் நூல் வைத்துக் காட்டாவிட்டால் அதுவும் ஊகிக்கும், அழகாக ஊகிக்கும் என்பதுதான் ஆபத்து. சிர்கோனியா என்னும் பீங்கான் வகைக் கட்டியில் கிரவுனை 20 முதல் 25 விழுக்காடு பெரிதாகக் கடைந்து, 1,500 டிகிரி அளவில் சுட்டுச் சுருங்க வைக்கிறார்கள். மெழுகும் அச்சும் உலோகமும் சுருங்குவதையும் விரிவதையும் கையால் கணக்குப் போட்டுப் பழகியவருக்கு இது புதிய பாடமாக இராது.

பல்லே இல்லாத வாயில் அளவெடுக்க எனக்கு இன்னும் கிரீன் ஸ்டிக்தான், சூட்டில் இளகும் அந்த அச்சுக் குச்சிதான். அசையும் சதையை, அது அசைந்து நிற்கும் நிலையில் பதிய வேண்டிய வேலை அது. இதில் நான் பழைய ஆளாகவே இருக்கக்கூடும், இருந்துவிட்டுப் போகிறேன்.

26 மே, ஞாயிறு

இதை எழுத வேண்டாம் என்று நினைத்திருந்தேன். மெக்கானிக் இருக்கும்போது நான் எதற்கு என்ற முதல் கேள்விக்கு இதுவரை நான் சொன்ன எதைக் காட்டிலும் நேரடியான பதில் இதுவாக இருப்பதால் எழுதுகிறேன்.

மூன்றாம் ஆண்டில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணிக்கு அறுவைச் சிகிச்சைப் பிரிவிலிருந்து அழைப்பு வந்தது. துறைமுகத்தில் சுமை தூக்கும் ஒருவர், வயது நாற்பதைத் தாண்டியிருக்காது. பதினைந்து வயதிலிருந்து வாயில் ஹான்ஸ், மாவா. மேல் தாடையில் புற்று. திங்கட்கிழமை என்று வைத்திருந்த அறுவை, வேறொரு நோயாளி வராததால் மறுநாள் காலைக்கு மாறியிருந்தது. தாடையின் ஒரு பக்கத்தை எடுத்துவிட்டால் வாய்க்கும் மூக்குக்கும் நடுவே கூரை இருக்காது. குடிக்கும் தண்ணீர் மூக்கு வழியாக வரும், பேச்சு மூக்கில் போய்விடும். அறுவை மேசையிலேயே அந்தக் காலியிடத்தை மூடும் தகடு ஒன்றைப் பொருத்திவிட்டால் கண் விழிக்கும்போதே அவரால் விழுங்கவும் பேசவும் முடியும். காயத்தில் வைக்கும் பஞ்சையும் அதுவே தாங்கும். அறுவைக்கு முன்பே அதைச் செய்து தர வேண்டியது எங்கள் துறையின் வேலை. காஸ்ட் இருந்தது, தகடு இல்லை. மெக்கானிக்குகள் ஐந்து மணிக்கே போய்விட்டார்கள்.

காஸ்டில் எந்தப் பற்கள் போகும், வெட்டு எதுவரை வரும் என்று அறுவை மருத்துவரிடம் தொலைபேசியில் கேட்டுக் கேட்டுப் பென்சிலால் குறித்து, அந்தப் பற்களைக் கல்லிலேயே வெட்டி எடுத்து, மேடு இருந்த இடத்தை வழித்து, மீதிப் பற்களுக்குக் கம்பிக் கொக்கி வளைத்தேன். நிறமில்லாத அக்ரிலிக்கில் தகடு ஊற்றினேன். அடியில் சதை வெளிறி அழுந்துகிறதா என்று வெளியிலிருந்தே பார்ப்பதற்காகத்தான் நிறமில்லாதது. கம்பி போட்டுக் கட்ட ஓரத்தில் துளைகள் இட்டேன். இந்த முறை ரயிலைப் பற்றி நினைக்கவில்லை. விடிகாலை நாலு மணிக்குத் தகட்டைக் கிருமிநாசினியில் போட்டேன்.

பத்து நாள் கழித்து அவர் மனைவி ஒரு டம்ளரில் தேநீர் ஆற்றிக் கொடுத்ததையும், அவர் தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு குடித்து முடித்து, மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டதையும் பார்த்தேன். அதன் பிறகு இடைக்காலத் தகடு, காயம் முழுதாக ஆறிய பின் நிலையான தகடு என்று என் ஜூனியர்கள் தொடர்ந்தார்கள். 2013-இல் தமிழ்நாட்டில் குட்காவுக்குத் தடை வந்தது. அதை மென்று வாய் இரண்டு விரல் அளவுகூடத் திறக்காத நோயாளிகள் இன்னும் என் கிளினிக்குக்கு வருகிறார்கள். அவர்களுக்கு ட்ரேயை இரண்டாக வெட்டித்தான் உள்ளே நுழைக்க வேண்டியிருக்கிறது. வெட்டும் ட்ரேயையும் நாமே செய்ய வேண்டும், கடையில் கிடைக்காது.

2 ஜூன், ஞாயிறு

கேள்வி கேட்டவர் தன் முதல் முழு செட்டைச் சென்ற செவ்வாயன்று கொடுத்திருக்கிறார், வாழ்த்துகள். மேல் செட் நிற்கிறது, கீழ் செட் மெல்லும்போது வலது பக்கம் தூக்குகிறது, எந்த ஓரத்தை அராவட்டும் என்று கேட்டிருக்கிறார். முந்தைய குறிப்புகளைப் படித்த பிறகும் அராவுவதைப் பற்றியே கேட்கிறார்.

எதையும் அராவ வேண்டாம். மெல்லும்போது மட்டும் தூக்குகிறது, கூவும்போது தூக்கவில்லை என்றால் முதலில் கடிப்பைத்தான் சந்தேகிக்க வேண்டும். பதப்படுத்தும்போது அக்ரிலிக் சுருங்கிப் பற்கள் இம்மி நகர்ந்து, ஒரு பக்கம் முதலில் தொடுகிறதா என்று பாருங்கள். வாய்க்குள் கார்பன் தாள் வைத்துப் பார்த்தால் செட் சாய்ந்து கொடுத்து உங்களை ஏமாற்றும். ஃபிளாஸ்க்கைப் பிரிக்கும்போது காஸ்ட் உடைந்துவிட்டது, அதனால் ஆர்ட்டிகுலேட்டரில் திரும்ப ஏற்ற வழியில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வழி இருக்கிறது. செட்டின் உட்புறத்தில் குழிவான இடங்களை ஈரக் காகிதக் கூழால் அடைத்துவிட்டு அதற்குள்ளேயே பிளாஸ்டர் ஊற்றுங்கள், புதிய அடித்தளம் கிடைத்துவிடும். நோயாளியிடம் புதிதாக ஒரு கடிப்புப் பதிவு எடுத்து ஏற்றுங்கள், பற்கள் தொடுவதற்கு முன்பே பதிவு முடிந்துவிட வேண்டும்.

துறையில் ஆர்ட்டிகுலேட்டர் கிடைக்கவில்லை என்றால் அடுத்த ஞாயிறு காலை 9 மணிக்கு என் கிளினிக்குக்கு எடுத்து வாருங்கள், அன்று நோயாளிகள் கிடையாது. நோயாளியையும் அழைத்து வாருங்கள், அவர் இல்லாமல் செட்டை மட்டும் கொண்டுவந்தால் நாம் இருவரும் தேநீர் குடித்துவிட்டுத்தான் போக வேண்டியிருக்கும்.